கை கேட்கிற கேள்வி

எங்கள் சபைப் போதகர், ஐசக் ஐயர், இன்னும் வரவில்லை. வராமலே போனால் நல்லது. பைக் பஞ்சராகலாம், வழியில் யாராவது பிடித்து நிறுத்திக் கமிட்டிக் கதை பேசலாம், சபையில் யாருக்காவது மூச்சு முட்டி அங்கே ஓடலாம், சே, என்ன நினைப்பு இது, என் ஒரு சாயங்காலம் தப்புவதற்கு இன்னொரு வீட்டில் மூச்சு முட்ட வேண்டுமா, கர்த்தாவே மன்னியும். மேஜைமேல் வெள்ளைத்துணி விரித்தாயிற்று. டம்ளரில் தண்ணீர், கட்டிலில் கிடக்கிறவருக்கு வாய் துடைக்கச் சின்ன டவல். போதகர் கொண்டுவருகிற பெட்டியை வைக்க இடம் விட்டிருக்கிறேன். அதற்குள் திராட்சரசம் ஒரு பாட்டிலில், காகிதம்போல மெல்லிய அப்பம் ஒரு டப்பியில், படுக்கையில் கிடக்கிறவர்களுக்குத் திருவிருந்து கொடுக்கவென்றே ஒரு சின்னக் கிண்ணம். எல்லாம் தயார், நான்தான் தயாரில்லை. கட்டிலில் இவர் கிடக்கிறார், என் வீட்டுக்காரர், சார்லஸ் அருமைநாயகம், மின்வாரியத்தில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு போன் போட்டால் பாளையங்கோட்டையில் பாதித் தெருவை இருட்டாக்கவும் வெளிச்சமாக்கவும் முடிந்த மனுஷன், இப்போது எச்சில் ஒழுகித் தலையணை நனைவது தெரியாமல் கிடக்கிறார். பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் வைத்தது இடது கையை. அந்தக் கையைத்தான் காலையிலிருந்து நான் தொடவில்லை. உடம்பு துடைத்தேன், பவுடர் போட்டேன், கஞ்சி கொடுத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன், அந்தக் கை நீண்டு வந்தபோதெல்லாம் அதற்குள் டவலைத் திணித்துவிட்டேன். டவலைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. டவலிடமும் அது கேட்டிருக்கும்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர் விழுந்த பிறகான இந்த மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிறுக்கி என்பார்கள். சாயங்காலம் அவரைத் துடைத்துச் சட்டை மாற்றிவிட்டு, நாற்காலியைக் கட்டிலோடு சேர்த்துப் போட்டு, என் கையை அவருடைய இடது கைக்குள் வைப்பேன். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு கட்டைவிரல் மெதுவாக நகர்ந்துவந்து என் நடுவிரல் மூட்டில் ஏறி நின்று அழுத்தும். விட்டுவிட்டு மறுபடியும் அழுத்தும். அழுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பார். அந்தப் பார்வை இருக்கிறதே, இத்தனை வருஷக் கல்யாணத்தில் அப்படி என்னைப் பார்த்ததே இல்லை. சாப்பாட்டு மேஜையில் பேப்பரைப் பார்ப்பார், கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பார், கல்யாண போட்டோவில்கூட கேமராக்காரனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேச்சு போன பிறகுதான் இந்த மனுஷன் பேச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என் இன்னொரு கையை அவர் கைமேல் வைத்து மூடிக்கொள்வேன். எனக்குத் தெரியும், எனக்கும் அப்படித்தான் என்று சொல்வேன். கண்ணை மூடி ஜெபிப்பேன். கண்ணைத் திறந்தால் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார், எதற்கோ காத்திருக்கிறவர்போல. கட்டைவிரல் மறுபடியும் அழுத்தும். ஆசை தீரவில்லையாக்கும் என்று நினைத்துச் சிரித்தேனே, பைத்தியக்காரி.

அந்த லாட்ஜ். லாட்ஜுக்குப் போகிறார் என்று முதல்முதலில் அக்காவிடம் சொன்னபோது போனில் அவள் குரல் போன போக்கைக் கேட்க வேண்டும். ரூம் எடுத்துத் தங்குகிற லாட்ஜ் இல்லை, இது ஒரு சங்கம், பெரிய மனிதர்கள் எல்லாம் கூடுகிற சகோதரர் சங்கம் என்று நான் விளக்கப் போய், அப்ப பெண்டாட்டிய ஏன் கூட்டிட்டுப் போகல என்று அவள் கேட்க, போனைக் கீழே வைத்தேன். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால், ஜன்னலெல்லாம் சாத்தின மஞ்சள் கட்டடம். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை கறுப்புக் கோட்டு மாட்டி, ஒரு தோல்பையைத் தூக்கிக்கொண்டு போவார். பைக்குள் ஏப்ரன். சமையல்காரன் கட்டுகிறதுபோல இடுப்பில் கட்டுகிற ஏப்ரன், சாட்டின் துணி. அதைத் துவைத்து இஸ்திரி போட்டது யார், நான்தான். முதலில் வெறும் வெள்ளையாக இருந்தது. கொஞ்ச காலம் கழித்து வேறொன்று வந்தது, கீழே ஒரு நீலக் கோடு போட்டது. அப்புறம் மூன்றாவது, சுற்றிலும் நீலப்பட்டை. அது வந்த அன்றைக்குப் பாயசம் வை என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்காமல் முந்திரியெல்லாம் போட்டு வைத்தேன். தன் புருஷன் எந்தப் படியில் ஏறினான் என்று தெரியாமல் பாயசம் கிண்டின பெண்டாட்டி ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சேர்ந்த புதிதில் எனக்கென்று ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை கொண்டுவந்தார். “இது உனக்கு. லாட்ஜ்ல குடுத்தாங்க. எதுக்குன்னு கேக்காத.” பாளையங்கோட்டை வெயிலில் கையுறை! பீரோவில் அந்துருண்டையோடு இன்னும் கிடக்கிறது.

நான் சண்டைக்காரி இல்லை. ஆனாலும் கேட்டேன், கேட்காமல் இருக்கவில்லை. கண்ணாடி முன்னால் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார், நான் பின்னால் நின்று கேட்டேன், “அங்க ஜெபம் பண்ணுவீங்களா?” “பண்ணுவோம்.” “யார் நாமத்துல?” பிளேடு நின்றது. “எல்லா மதத்துக்காரனும் இருக்கான் தயா. எல்லாத்துக்கும் பொதுவா, சிருஷ்டிச்சவர்னு சொல்லி ஜெபிப்போம். நம்ம வேதமும் மேசைமேல விரிச்சுதான் இருக்கு. ஏழைகளுக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு செய்யுதோம் தெரியுமா?” “அதெல்லாம் சரி, இயேசுவின் நாமத்துலன்னு சொல்லி முடிப்பீங்களா, மாட்டீங்களா?” சவரம் தொடர்ந்தது. எனக்கு அதுவே பதில். யார் பெயரும் எழுதாமல் தபால்பெட்டியில் போட்ட கவர் எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்? அதோடு அந்தச் சத்தியம். சத்தியமே பண்ணாதே, ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை என்று சொல் என்று கர்த்தர் அவ்வளவு லேசாக்கி வைத்திருக்கும்போது, ரகசியத்தை வெளியே விட்டால் என் நாக்கு அறுபடட்டும் என்று இவர்கள் சத்தியம் பண்ணுகிறார்களாம், கன்வென்ஷனில் ஒரு பிரசங்கியார் சொன்னார். உண்மையோ, மேடைக்காகச் சேர்த்துச் சொன்னதோ. அன்று இரவு அதை இவரிடம் கேட்டேன், சிரித்தார். இப்போது ஒருவரும் அறுக்காமலே நாக்கு செத்துக் கிடக்கிறது, எதையும் வெளியே விடாமலே. இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. டாக்டர் பி.பி. என்கிறார், சர்க்கரை என்கிறார். பி.பி.க்கு வேத வசனம் தேடுகிற புத்தி எனக்கு எதற்கு.

எனக்குத் திருவிருந்து என்றால் அந்தக் கம்பி வேலிதான் ஞாபகம் வரும். பலிபீடத்துக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக முழங்கால் போடுகிற இடம். கலெக்டர் ஆபீஸ் சூப்பிரண்டு, அவருக்குப் பக்கத்தில் கோயில் மணி அடிக்கிற சாலமோன், அவருக்குப் பக்கத்தில் நான். ஒரே கிண்ணம், ஒரே எச்சில், மேல்படி கீழ்ப்படி கிடையாது. அதை ஒரு தடவை சொன்னதற்கு இவர், “உங்க கோயில்ல படியே இல்லையாக்கும்? டீக்கன் யாரு, பிஷப் யாரு? கமிட்டித் தேர்தல் வந்தா முன் பெஞ்சுக்கு அடிதடி. எங்க லாட்ஜ்ல ஒருத்தன் குரலை உசத்த மாட்டான், தெரியுமா” என்றார். “எங்க அடிதடி ஊருக்கே தெரிஞ்சுதான நடக்கு. ஒளிச்சா வச்சிருக்கோம்?” என்றேன். அன்றைக்கு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சிரித்த மனுஷன்தான், கெட்டவர் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கம்பி வேலியில் அவர் என் பக்கத்தில் முழங்கால் போடும்போதெல்லாம் எனக்கு ஒரே எண்ணம், இவர் கையில் எனக்குத் தெரியாத ஒரு பூட்டு இருக்கிறது, அப்பத்தை வாங்குகிறது கோயில் கையா லாட்ஜ் கையா என்று. லாட்ஜை விட்டுவிடச் செய்யும் ஆண்டவரே என்று வருஷக்கணக்காகக் கேட்டேன். பல் தேய்க்கும்போதுகூடக் கேட்டேன். சாவுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை விட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் போதும், நாளைக்குப் பரலோகத்துக்குப் போய் நான் இவரைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

அதனால்தான் ஐசக் ஐயரிடம் நானே போய் லாட்ஜ் விஷயத்தைச் சொன்னேன். புதிதாக வந்த போதகர், சின்ன வயது, எங்களுக்கு மகன் இருந்தால் அந்த வயதுதான். அவர் இரக்கப்பட்டார். “இந்த நிலமைல அவர்ட்ட போய் அதெல்லாம் கேக்கணுமாம்மா? கிருபைக்கு விட்டுருவோமே” என்றார். நான் விடவில்லை. “கேக்கணும் ஐயா. விட்டுட்டேன்னு அவர் ஒரு அடையாளம் காட்டணும், அதுக்கப்புறந்தான் திருவிருந்து. இல்லன்னா அது அவருக்கே ஆக்கினைத் தீர்ப்பாப் போயிரும்.” “பேச முடியாதவர் என்ன அடையாளம் காட்டுவாரு?” “கையை அழுத்துவாரு. நம்ம சொல்லுததெல்லாம் அவருக்குப் புரியும். தினமும் என் கையைப் பிடிச்சு அழுத்துதாரே.” சொல்லும்போது எனக்குப் பெருமை, முகம்கூடச் சிவந்திருக்கும். நானே தூண்டில் செய்து நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்று காலையில் சங்கரலிங்கம் சார் வந்தார். ரிட்டயர்டு அட்வகேட், லாட்ஜில் இவருக்கு முந்தினவர். இவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்ததுதான், பிறகு முழங்கால் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு படுத்துவிட்டார், இப்போதுதான் கம்பூன்றி நடக்கிறார். நல்ல மனிதர், பொய் சொல்ல மாட்டேன். மாதுளம்பழம் வாங்கிவந்திருந்தார், உரித்து முத்தாகக் கொண்டுவந்திருந்தார், இவரால் மெல்ல முடியாது என்று தெரியாமல். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வலது கையை நீட்டினார், இவருடைய வலது கை செத்துக் கிடப்பதைப் பார்த்தார், ஒரு நொடியும் யோசிக்காமல் தன் இடது கையைக் கொடுத்தார். நான் தலைமாட்டில் டவலோடு நிற்கிறேன். கட்டைவிரல் நகர்ந்தது. எனக்குத் தெரிந்த கட்டைவிரல். சங்கரலிங்கம் சாரின் நடுவிரல் மூட்டில் ஏறி நின்று அழுத்தியது, விட்டது, மறுபடியும் அழுத்தியது. உடனே சாருடைய கை பதில் செய்தது. விரல்களை மடக்கி, உள்ளங்கைக்குக் கீழே மணிக்கட்டில் கொக்கிபோல் மாட்டி, இழுத்துப் பிடித்தது. பிடித்தபடி குனிந்து இவர் காதில் என்னவோ சொன்னார், ஒரு வார்த்தைதான் இருக்கும். இவர் முகம் மலர்ந்துவிட்டது. கோணின வாய் கோணினபடியே சிரித்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கரை வந்து சேர்ந்தவருடைய முகம். மூன்று மாதமாக நான் கஞ்சி ஊட்டின முகம், எனக்கு அது ஒருநாளும் மலரவில்லை.

வாசல்வரை போனேன். “அது என்ன சார், கையில?” அவர் கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டார். “அது எங்களுக்குள்ள ஒரு இதும்மா. வெளிய சொல்லுததில்ல.” “என்கிட்டயும் தினமும் அதைத்தான் சார் செய்யுதாரு.” நின்றுவிட்டார். “உங்ககிட்டயா?” “ஆமா, தினமும்.” செருப்பைத் தேடுகிறவர்போலக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். “மூணாம் படிக்காரனுக்கு உள்ளதும்மா அது. நீ நம்ம ஆளான்னு கேக்கது. பதில் வந்தாத்தான் மேக்கொண்டு காதுல ஒரு வார்த்தை. பாவம், புத்தி தப்பிப்போச்சு போல, யாரைப் பாத்தாலும் கேட்டுக்கிட்டுக் கிடக்கான்.” அப்புறம் என்னைப் பார்த்து, “நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க” என்றார். அப்படியானால் ஆசை இல்லை. நன்றி இல்லை. மன்னிப்புக்கூட இல்லை. சாயங்காலம்தோறும் என் கையைப் பிடித்து, நீ நம்ம ஆளா என்று கேட்டார். நான் என் இன்னொரு கையை மேலே வைத்து, எனக்கும் அப்படித்தான் என்றேன். தினமும் கேட்டார், தினமும் நான் தப்பாகச் சொன்னேன், மறுநாள் மறுபடியும் கேட்டார்.

கேட் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார். ஐயரே, திரும்பிப் போங்கள், தலை சுற்றுகிறது என்று சொல்லலாம். சொல்லவில்லை, வாங்க ஐயா என்கிறேன். அங்கி போட்டுக்கொள்கிறார், பெட்டியைத் திறக்கிறார், மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார், சின்னப் பிள்ளை சொப்பு அடுக்குகிற மாதிரி. இப்போது சொல்லிவிடலாம். ஐயா, அந்த அடையாளம் வேண்டாம், கையை அழுத்தச் சொல்லாதீங்க, கண்ணை மூடித் திறக்கச் சொல்லுங்க என்று சொல்லலாம். சொன்னால், கண்ணை மூடித் திறக்காவிட்டால்? அதுதான் பயம். கை என்றால் எப்படியும் அழுத்தும். கண் என்றால் அவர் நிஜமாகவே முடிவு பண்ண வேண்டும். எனக்கு நிஜம் வேண்டாமா, இத்தனை வருஷம் நிஜத்துக்குத்தானே அழுதேன்? ஐயர் கட்டிலோரம் குனிந்து இவருடைய இடது கையை எடுக்கிறார். டவல் கீழே விழுகிறது. “அருமைநாயகம் ஐயா, கேக்குதா? அந்தச் சங்கத்தையும் அங்க பண்ணின சத்தியத்தையும் விட்டுட்டு, இயேசு கிறிஸ்து ஒருத்தரையே பிடிச்சுக்கிடுதேன்னு சம்மதமா? சம்மதம்னா என் கையை அழுத்துங்க.” கண்ணை மூடிக்கொண்டார் ஐயர். நான் மூடவில்லை. கட்டைவிரல் கிளம்புகிறது. நடுவிரல், மூட்டு. ஏறி நிற்கிறது. அழுத்துகிறது, விடுகிறது, அழுத்துகிறது. லாட்ஜை விட்டுவிட்டாயா என்று கேட்டதற்கு லாட்ஜின் கையாலேயே பதில். இல்லை, பதில்கூட இல்லை, ஐயரிடமும் கேட்கிறார், நீ நம்ம ஆளா என்று. “அழுத்துதாரும்மா!” ஐயருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. “ஸ்தோத்திரம்! நல்லா அழுத்துதாரு, ரெண்டு தடவ அழுத்துதாரும்மா!” எவ்வளவு சந்தோஷம் அந்தப் பிள்ளை முகத்தில். “ஐயா” என்கிறேன். “என்னம்மா?” அப்பம் டப்பியின் மூடி திறந்திருக்கிறது. “ஒண்ணுமில்ல. ஃபேனைக் குறைக்கேன், அப்பம் பறந்துரும்.” எழுந்து ஃபேனைக் குறைக்கிறேன். அவ்வளவுதான், என் வாய்ப்பு அதோடு முடிந்தது. ஐயர் அப்பத்தை ரசத்தில் நனைத்து இவர் வாயில் வைக்கிறார். உதட்டோரம் சிவப்பாக ஒழுகுகிறது, டவலால் துடைக்கிறேன். தொண்டை ஏறி இறங்குகிறது. விழுங்கிவிட்டார். கிருபையை விழுங்கினாரா, ஆக்கினையை விழுங்கினாரா, எனக்குத் தெரியாது, ஐயருக்கும் தெரியாது, இவருக்கே தெரியாது. பிறகு ஐயர் என்னிடம் வருகிறார். தெரிந்தே மறைத்தவள் வாங்கலாமா? கை நீட்டி வாங்கிக்கொள்கிறேன். அப்பம் மேல்அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கரையவே மாட்டேன் என்கிறது. இப்போது என்னிடமும் ஒரு ரகசியம் இருக்கிறது. எந்தப் படி என்றுதான் தெரியவில்லை.

ஐயர் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பைக் சத்தம் மூலை திரும்பி ஓய்ந்தது. வெள்ளைத்துணியை மடிக்காமல் நாற்காலியைக் கட்டிலோடு சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கை போர்வைமேல் விரிந்து கிடக்கிறது. கைதானே, இந்தக் கை விரலில்தான் கல்யாணத்தன்று நான் மோதிரம் போட்டேன். என் கையை உள்ளே வைக்கிறேன். காத்திருந்ததுபோலக் கட்டைவிரல் வருகிறது, மூட்டில் ஏறுகிறது, அழுத்துகிறது. அவர் பார்க்கிறார். கர்த்தாவே, இது பாவம் என்றால் என் கணக்கில் எழுதும். விரல்களை மடக்குகிறேன், காலையில் பார்த்தபடியே, உள்ளங்கைக்குக் கீழே, மணிக்கட்டில் மாட்டி இழுத்துப் பிடிக்கிறேன். மலர்ந்தது. அந்த முகம் எனக்கு மலர்ந்தது. கண் நிறைந்து, கோணல் வாய் சிரித்து, தலையணையில் தலையைக் கஷ்டப்பட்டு உருட்டிக் காதை என் பக்கம் கொண்டுவருகிறார். காதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஆமாம், அந்த வார்த்தை. இப்போது அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். குனிகிறேன். பவுடர் வாசனை, திராட்சரச வாசனை. கர்த்தருடைய நாமத்தைத்தான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது என் பெயர். “தயா” என்றேன். “நான் தயாங்க.” பிறகு கட்டைவிரல் மூட்டைவிட்டு இறங்கியது. என் விரல்களுக்குள்ளிருந்து கையை உருவி, போர்வைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.